திரும்பி வரும் டிக்கட்

சித்திரை வருஷத்துக்கு வீட்டில் எல்லாரும் கூடியிருந்த நேரம், வாய் தவறி உளறிவிட்டேன். "நாங்க மூணு பேரு லண்டன் போய்ப் பாத்துட்டு வரப்போறோம். மூணு நாள்."

பெரியப்பா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "வேலை கெடைச்சிருச்சா?" இல்லை. "படிக்கவா?" அதுவும் இல்லை. "அப்புறம் என்னாத்துக்குத் தம்பி?" சும்மா பார்க்கத்தான் என்றேன். சிரிப்பு அடங்க நேரமாச்சு. "தகரம் ஒழுகுது, தொரைக்கு லண்டன் கேக்குது" என்று அத்தை முடித்துவைத்தார்.

அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

இதே வீட்டிலிருந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அக்காவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நகையை அடகு வைத்து அனுப்பினார்கள். கொழும்பில் கடைக்குள்ளேயே படுத்துக் கிடந்து வேலை செய்த தம்பிக்கும் சிரிப்பு இல்லை. நம்ம ஆளுக கடல் தாண்டலாம், மலை இறங்கலாம். ஆனால் உழைக்கப் போகணும், இல்லாவிட்டால் விரட்டப்பட்டுப் போகணும். பார்த்துவிட்டு வருவதற்குப் போவது மட்டும் திமிர்.

இது எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். கோப்பிக் காலத்தில் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் பருவம் முடிந்து ஊர் திரும்பினவர்களும் உண்டு. தேயிலை வந்தபின் வருஷம் முழுக்க வேலை, லயத்திலேயே வாழ்க்கை. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு நம்ம ஆளுக வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அதில் யாருக்கும் திரும்பி வர டிக்கட் கிடையாது.

இப்போது விசாக் கதைக்கு வாருங்கள். பிரிட்டிஷ் விசாவுக்கு நிரூபிக்க வேண்டிய முக்கியமான விஷயம், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பது. விசா வேலை பார்த்துக் கொடுக்கும் இடத்தில் என்னிடம் கேட்ட முதல் கடதாசி காணி உறுதி. நாலு தலைமுறையாக ஒரே லயத்தில் இருக்கிறோம் என்றேன். சேர் ஒரு மாதிரிப் பார்த்தார். "உறுதி இல்லன்னா கஷ்டம் தம்பி." காணி அரசாங்கத்துடையது, நிர்வாகம் 1992இலிருந்து கம்பனிகளிடம், குடியிருக்கிறவனிடம் விலாசம்கூட டிவிஷன் பெயரும் லயன் நம்பரும்தான். எங்கேயும் போகவிடாமல் வைத்திருந்தவர்களின் நாடு, திரும்பி வருவாய் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்கிறது!

காசைச் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் அந்த விசாவுக்கு 127 பவுண். சுமார் 50,000 ரூபா. நாள் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தபோது அது 37 நாள் கொழுந்து. மறுத்தால் காசு திரும்பாது. விமான டிக்கட் கணக்கை இன்னும் தொடவே இல்லை. பெரியப்பா சிரித்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் சிரித்தது விலையைப் பார்த்து அல்ல, ஆசையைப் பார்த்து.

அங்கிருந்து இங்கே வருகிறவர்களைப் பாருங்கள். நுவரெலியாவைக் 'குட்டி இங்கிலாந்து' என்று விற்கிறோம். சிவப்புச் செங்கல் தபால் கந்தோர், குதிரைப் பந்தயத் திடல், விக்டோரியா பூங்கா. போகிற வழியில் வேனை நிறுத்தி, மழையில் கொழுந்து எடுக்கிற அம்மாவைப் படம் பிடிக்கிறார்கள். யாரும் அவர்களிடம் உங்கள் வீட்டுக் கூரை ஒழுகவில்லையா என்று கேட்டதில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் லிடெஸ்டேல், ஸ்டாஃபோர்ட். ஒன்று ஸ்கொட்லாந்தில் ஒரு பள்ளத்தாக்கு, மற்றது இங்கிலாந்தில் ஓர் ஊர். இந்தப் பெயர்களைப் பிறப்புச் சான்றிதழில் சுமக்கிறவன் அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் என்ன குற்றம்?

நம்ம தோழர்களிடமும் ஒரு வார்த்தை. ஒருவர் சொன்னார்: "போறதுன்னா மின்சிங் லேனுக்குப் போ, அதுக்கு அர்த்தம் இருக்கு." போகத்தான் போகிறேன். முந்நூறு வருஷத்துக்கு மேல் நடந்து 1998 ஜூன் 29இல் முடிந்த லண்டன் தேயிலை ஏலத்துக்கு அந்தத் தெருதான் பெயர்போன இடம். நம்ம பாட்டிமார் கிள்ளின கொழுந்துக்கு அங்கே விலை சொன்னார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில், கண்டியைப் பிடித்த ஆளுநர் பிரவுன்றிக் கொடுத்த தாரா சிலையையும் பார்ப்பேன். உள்ளே போக டிக்கட் இல்லை, அதுவே ஆறுதல். ஆனால் மூன்றாம் நாளை வெறுமையாக விட்டிருக்கிறேன். தேம்ஸ் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போகிற படகை வேடிக்கை பார்க்கணும், கிரீனிச்சில் கட்டி சார்க் கப்பல் முன்னால் அசட்டுச் சிரிப்போடு ஒரு செல்ஃபி எடுக்கணும். 1869இல் சீனத் தேயிலைக்காகக் கட்டின கப்பல் அது. நமக்கும் அதற்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. அதனால்தான் பிடித்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை எங்கே போனாலும் வரலாற்றைத் தூக்கிக்கொண்டே போகணுமா? மற்றவர்கள் போகிற மாதிரி நாங்களும் சும்மா போகக்கூடாதா?

மூன்று பேரில் இரண்டு பேருக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. மூன்றாவது ஆளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. யாரோ எழுதிய ஓர் எழுத்து. அதைத் திருத்த அடுத்த புதன்கிழமை மறுபடியும் வலப்பனைக்கு பஸ் ஏறுகிறோம்.