குதிரை மீது குற்றமா, வண்டி மீது குற்றமா?

இரவு மணி ஒன்று. வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிகிறது. மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர். அதன் பக்கத் தகடு கழற்றப்பட்டு, உள்ளே இருக்கும் பலகையும் கம்பிகளும் விசிறிகளும் வெளியே தெரிகின்றன. அதன் முன்னால் ஒரு வாலிபர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

யந்திரம் 5.5 கிகா ஹெர்ட்ஸ் வேகத்தில் ஒழுங்காக ஓடுகிறது. 5.7 என்று வைத்தால், சிறிது நேரத்தில் திரை நீலமாகி நின்றுவிடுகிறது. வாலிபர் என்ன செய்கிறார்? பிராசஸருக்குப் போகும் வோல்டேஜைச் சற்றுக் கூட்டுகிறார். மறுபடியும் நீலத் திரை. இன்னும் சற்றுக் கூட்டுகிறார். மறுபடியும் அதே கதை!

உலகில் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வீடுகளில் நடக்கும் காட்சி இது. தயாரித்த கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் பிராசஸரை ஓட்டும் இந்த வித்தைக்கு ‘ஓவர்கிளாக்கிங்’ என்று பெயர். வித்தையில் குற்றமில்லை. ஆனால், வண்டி நகராதபோதெல்லாம் குதிரையைச் சவுக்கால் அடிப்பதுதான் ஒரே வைத்தியம் என்று நினைப்பது குற்றம். சக்கரம் சேற்றில் புதைந்திருக்கிறதா, அச்சு முறிந்திருக்கிறதா என்று கீழே இறங்கிப் பார்க்க வேண்டாமா?

தாளமும் வேலையும்

பிராசஸர் தாளத்துக்கு ஆடும் யந்திரம். மதர்போர்டில் அடிப்படைத் தாளம் ஒன்று பிறக்கிறது. பிராசஸர் அதைக் குறிப்பிட்ட எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. 100 மெகா ஹெர்ட்ஸ் தாளத்தை 50 ஆல் பெருக்கினால் 5 கிகா ஹெர்ட்ஸ். அதாவது வினாடிக்கு 500 கோடி அடிகள். ஒவ்வோர் அடிக்குள்ளும் அந்த அடிக்குரிய வேலை முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் விடை பிசகும்.

ஒரே ஆலையில், ஒரே தகட்டில் பிறந்த பிராசஸர்கள் எல்லாம் ஒரே திறமை உடையவை அல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒன்றுபோல் இருப்பதில்லையே! கம்பெனிக்காரர்கள் அவற்றைப் பரீட்சை செய்து, தரம் பிரித்து, எந்த நிலையிலும் பிசகாமல் ஓடக்கூடிய வேகத்தை மட்டும் குறித்து விற்கிறார்கள். குறித்த வேகத்துக்கும் உண்மையான சக்திக்கும் இடையே கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைத்தான் நமது வாலிபர் தேடுகிறார்.

1998-ல் ஒரு விசித்திரம்

இந்த வித்தையின் சரித்திரத்தில் புகழ் பெற்ற பெயர் ஒன்று உண்டு: செலெரான் 300ஏ. இன்டெல் கம்பெனி 1998 ஆகஸ்டில் வெளியிட்ட மலிவு விலைப் பிராசஸர் இது. வேகம் 300 மெகா ஹெர்ட்ஸ். 66 மெகா ஹெர்ட்ஸ் தாளத்தை நாலரையால் பெருக்கி அந்த வேகம் வந்தது. பெருக்கும் எண்ணை மாற்ற முடியாதபடி கம்பெனி பூட்டி வைத்திருந்தது. ஆனால் அடிப்படைத் தாளத்துக்குப் பூட்டுப் போட முடியவில்லை. தாளத்தை 100 ஆக்கியதும் வேகம் 450 ஆகிவிட்டது! பல மடங்கு விலை கொண்ட 450 மெகா ஹெர்ட்ஸ் பென்டியம் 2-க்குச் சமமாக அது நின்றது. பிராசஸரின் பி21 என்ற ஒரே ஒரு முனையை டேப் ஒட்டி மறைத்து, மதர்போர்டை ஏமாற்றி 100-க்குப் போனவர்களும் உண்டு.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய விசித்திரம் வேறு. நேரே 100-க்குத் தாவப் பயந்து, 83 மெகா ஹெர்ட்ஸ் தாளத்தில் நிற்க முயன்றவர்கள் இருந்தார்கள். அதில் வேகம் 375-க்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் அங்கே யந்திரம் தகராறு செய்தது. ஹார்டு டிஸ்கில் பிழை. சில சமயம் விண்டோஸே எழுந்திருக்கவில்லை. “சரி, நமது பிராசஸருக்கு அவ்வளவுதான் சக்தி” என்று சிலர் கைவிட்டார்கள். துணிந்து 100-க்குப் போனவர்களில் பலருக்கோ, 450-ல் யந்திரம் சமர்த்தாக ஓடியது!

375-ல் திணறியது 450-ல் ஓடுவானேன்? காரணம் பிராசஸரில் இல்லை. ஹார்டு டிஸ்கும் மற்றத் துணைக் கருவிகளும் அப்போது பி.சி.ஐ. என்ற வேறு பாதையில் இயங்கின. அந்தப் பாதைக்கு விதித்த வேகம் 33 மெகா ஹெர்ட்ஸ். தாளம் 66 ஆக இருக்கும்போது அதில் பாதி 33, சரி. 83 ஆக்கினால், பல மதர்போர்டுகளில் அப்போதும் பாதிதான் எடுக்கப்பட்டது, அது 41.5 ஆகிவிட்டது. பாவம், ஹார்டு டிஸ்க் தாங்குமா? 100 ஆக்கும்போதோ, மூன்றில் ஒரு பங்கு எடுக்கப்பட்டது, மறுபடியும் 33! குதிரை களைக்கவே இல்லை. சக்கரம்தான் சிக்கிக்கொண்டிருந்தது.

ஓவர்கிளாக்கிங் செய்யும் ஒவ்வொருவரும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது: யந்திரம் நின்றது என்றால், பிராசஸர் தோற்றது என்று அர்த்தமல்ல.

நோய்க்குறி மூன்று

நல்ல வைத்தியர் மருந்து கொடுக்குமுன் நாடி பார்ப்பார். இங்கேயும் நாடி பார்க்க வழி இருக்கிறது. நோய்க்குறிகள் பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை: வேகத்தைக் கூட்டியதும் யந்திரம் துவங்கவே மறுப்பது. இதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மெமரியை. அடிப்படைத் தாளத்தைக் கூட்டினால் மெமரியின் வேகமும் உடன் ஏறிவிடும். ஆகவே, மெமரியை வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி இறக்கிவிட்டுப் பிராசஸரைச் சோதிக்க வேண்டும். அப்போது ஓடினால் குற்றவாளி யார் என்பது விளங்கிவிடும். பெருக்கும் எண்ணைக் குறைத்துத் தாளத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தால் மதர்போர்டின் எல்லை தெரியும். தாளத்தைத் தொடாமல் எண்ணை மட்டும் ஏற்றினால் பிராசஸரின் எல்லை தெரியும்.

பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும் இந்த உரிமை உண்டா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். 2011-ல் வந்த ‘சாண்டி பிரிட்ஜ்’ தலைமுறை முதல், இன்டெல் பிராசஸர்களில் ‘கே’ என்ற எழுத்துப் பெற்றவற்றில்தான் பெரும்பாலும் எண்ணைத் தாராளமாக உயர்த்த முடிகிறது. தாளத்தை உயர்த்தலாம் என்றால், அந்தத் தலைமுறையில் மற்றப் பாதைகள் எல்லாம் அதோடு பிணைக்கப்பட்டிருந்தன. சில சதவீதத்துக்கு மேல் அசையவில்லை. பூட்டிய கதவை முட்டி என்ன பயன்?

இரண்டாம் வகை: துவங்குகிறது, கடினமான வேலை கொடுத்தால் விழுகிறது. இங்கேதான் வோல்டேஜ் போதாமை காரணமாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவே! உஷ்ணமும் காரணமாக இருக்கலாம். பளு ஏறும்போது மின்சாரத்தைச் சீராகத் தர முடியாத மதர்போர்டும் பவர் சப்ளையும் காரணமாக இருக்கலாம். மார்கழிக் குளிரில் பரீட்சை தேறிய யந்திரம் சித்திரை வெயிலில் விழுந்தால் அதில் ஆச்சரியமில்லை. விசிறியால் அறையின் உஷ்ணத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாதல்லவா?

மூன்றாம் வகை: விழவே இல்லை, ஆனால் வேகம் தானாக இறங்குகிறது. இது பிராசஸர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் செயல். 100 டிகிரி செல்ஷியஸை நெருங்கினால் பல பிராசஸர்கள் நடையைத் தளர்த்திவிடும். மதர்போர்டில் விதித்த வாட் அளவை எட்டினாலும் அப்படியே. இந்த நோய்க்கு வோல்டேஜைக் கூட்டுவது, ஜுரக்காரனுக்குக் கம்பளி போர்த்தி அடுப்பங்கரையில் உட்கார வைப்பதற்குச் சமம்.

உஷ்ணத்திலும் குற்றவாளி மறைந்திருப்பதுண்டு. 2012-ல் வந்த ‘ஐவி பிரிட்ஜ்’ பிராசஸர்களில், சில்லுக்கும் அதன் மேல் மூடிக்கும் நடுவே முன்போல் உலோகப் பற்று வைக்காமல், சாதாரணப் பசையை வைத்தார்கள். வெளியே எவ்வளவு பெரிய கூலரை வைத்தாலும் உள்ளே சூடு தேங்கி நின்றது. சிலர் துணிந்து மூடியைக் கழற்றிப் பசையை மாற்றினார்கள், சூடு இறங்கியது.

எந்த வகையானாலும் விதி ஒன்றுதான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுது. பிறகு சோதனை செய். மூன்றை ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, எது பலித்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் விழிப்பவர்கள்தான் அதிகம்.

சவுக்கின் விலை

வோல்டேஜ் கூட்டுவதில் அப்படி என்ன ஆபத்து? கணக்கைப் பாருங்கள். பிராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறுகிறது. வோல்டேஜோடோ, அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகத்தில் 5 சதவீதம் பெறுவதற்காக வோல்டேஜை 10 சதவீதம் கூட்டினால், சூடு ஏறத்தாழ 27 சதவீதம் கூடும். காலணா லாபத்துக்கு ஓரணா செலவு! ஏறிய சூடு மேலும் மின்சாரத்தை ஒழுக விடும். அது மேலும் சூட்டைக் கூட்டும். நாளடைவில் பிராசஸரின் ஆயுளும் தேயும்.

கம்பெனிகளே இதில் அடிபட்டதுண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில நிலை தடுமாறியபோது, தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜ் காரணம் என்று அந்தக் கம்பெனியே 2024 ஜூலையில் சொன்னது. அடுத்த மாதம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரை அந்தத் திருத்தம் பிழைக்க வைக்காது. செய்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், நள்ளிரவில் குத்துமதிப்பாக ஏற்றுபவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

மௌனமான பிழை

நீலத் திரையாவது நேர்மையான எதிரி. “என்னால் முடியவில்லை” என்று உரக்கச் சொல்லிவிடுகிறது. அதைவிடப் பொல்லாதது, விழாமலே தப்பாக விடை சொல்லும் யந்திரம். கோடிக்கணக்கான கூட்டல்களில் ஒன்று பிசகுகிறது. திரையில் எதுவும் தெரிவதில்லை. ஆனால் வீட்டுக் கணக்கில் ஓர் எண் மாறியிருக்கும். குழந்தையின் புகைப்படம் ஒன்று பிறகு திறக்காது. மாதக்கணக்கில் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு பகுதி சிதைந்திருக்கும்.

பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக 1996-ல் துவங்கிய முயற்சியில் பிறந்த ‘பிரைம்95’ என்ற புரோகிராம் ஓவர்கிளாக்கிங் உலகில் பரீட்சை அதிகாரியாக ஆனது இதனால்தான். விடை முன்பே தெரிந்த கடினமான கணக்குகளைக் கொடுத்து, பிராசஸரின் விடையோடு அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. பத்து நிமிஷம் விளையாட்டு ஓடியது, ஆகவே யந்திரம் சரி என்பது, தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதைப் போன்றது.

எங்கே நிறுத்துவது?

செலெரான் காலத்தில் 50 சதவீதம் மிச்சம் கிடைத்தது. இன்று கிடைக்காது. 2008-ல் ‘டர்போ’ என்ற ஏற்பாடு கோர் ஐ7 பிராசஸர்களில் வந்தது முதல், அந்த மிச்சத்தைக் கம்பெனிகளே சிறிது சிறிதாக எடுத்து, விற்கும் வேகத்தில் சேர்த்துவிட்டன. வாங்கும்போதே பிராசஸர் தன் எல்லை அருகே ஓடுகிறது. ஆகவே, இன்றைய யந்திரம் மேலே போக மறுத்தால், எங்கோ கோளாறு என்றுகூட எண்ண வேண்டியதில்லை; நாம் எல்லைக்கே வந்துவிட்டோம் என்பதே பல சமயம் உண்மை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இப்போதைய ரைசன் பிராசஸர்களில், வோல்டேஜைக் கூட்டாமல் சற்றுக் குறைத்தால், சூடு தணிந்து, பிராசஸர் தானாகவே முன்னிலும் வேகமாக ஓடுவதுண்டு. சவுக்கைக் கீழே வைத்ததும் குதிரை பாய்கிறது! இதையும் சோதனை செய்துதான் நம்ப வேண்டும். குறைப்பதிலும் அளவு மீறினால் பிழை வரும்.

இதனால் ஓவர்கிளாக்கிங் வீண் வேலை என்று சொல்லிவிட முடியாது. தன் யந்திரத்தைத் திறந்து, அதன் நாடியை அறிந்து, எது எதைத் தடுக்கிறது என்று கண்டுபிடிக்கும் வாலிபர், அதை வாங்கி மூடியே வைத்திருப்பவரைவிட எவ்வளவோ கற்றுக்கொள்கிறார். ஆனால் அந்தக் கல்வி கடைசி 200 மெகா ஹெர்ட்ஸில் இல்லை, “ஏன் நின்றது?” என்ற கேள்வியில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால், வேகம் கிடைக்காமல் போனாலும் நஷ்டமில்லை. விடை தேடாமல் வோல்டேஜை ஏற்றிப் பெற்ற வேகமோ, என்றைக்கு விலை கேட்கும் என்று சொல்ல முடியாத கடன்.

5.5-ல் பிழையின்றி ஓடும் யந்திரத்துக்கும் 5.7-ல் ஓடும் யந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் நாலு சதவீதம்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எவராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வாலிபர் கையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறதா? இன்று மாற்றியதை எழுதட்டும். பழைய வேகத்துக்கே திரும்பி, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கட்டும். குதிரைக்கும் ஓய்வு வேண்டும். ஓட்டுகிறவருக்கும் ஓய்வு வேண்டும்.