மீனுக்கு மருந்து தேடுமுன் நீரைப் பாருங்கள்

"வளவுக் குளத்தில் மீன் செத்து மிதக்குது, என்ன மருந்து போடலாம்?" கிராமங்களில் நாம் நடத்தும் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி இது. கேட்பவர் கையில் சில வேளை ஒரு மாத்திரை அட்டையும் இருக்கும். கடைக்காரர் கொடுத்ததாகச் சொல்வார். மனிதருக்குக் கொடுக்கும் அதே மாத்திரை!

எமது பதில் பலருக்கு ஏமாற்றமாகவே இருக்கும். பத்துக்கு எட்டு இடங்களில் அந்த மீன்களுக்கு நோயே இல்லை. அவை மூச்சுத் திணறியோ, மிதமிஞ்சிய உணவு அழுகியதாலோ, பக்கத்துத் தோட்டத்து மருந்தாலோ இறந்திருக்கின்றன. நோயில்லாத மீனுக்கு மருந்து எதற்கு? பிழை நீரில் இருக்கிறது. மீன் குஞ்சுகளை அள்ளிக் கொடுத்துவிட்டு நீரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போகும் எம்போன்றவர்களிடமும் இருக்கிறது.

இதை மற்றவர்களைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. மீள்குடியேறிய குடும்பங்களுக்கு நாமும் ஒருமுறை குஞ்சுகள் விநியோகித்தோம். வாகனம் தாமதித்து வந்தது. நண்பகல் வெயிலில், குடும்பத்துக்கு 200 வீதம், பைகளை அவிழ்த்து நேரே குளங்களில் ஊற்றினோம். பைக்குள் இருந்த நீர் ஒரு சூடு, குளத்து நீர் வேறொரு சூடு. பல குளங்கள் ஒரு கிழமைக்கு முன் வெட்டியவை. கலங்கல் கூட அடங்கவில்லை. எத்தனை குஞ்சு கொடுத்தோம் என்று பதிந்துகொண்டு திரும்பினோம். எத்தனை உயிரோடு இருந்தன என்பதை ஒரு மாதம் கழித்துப் போனபோதுதான் அறிந்தோம். ஒரு தாய் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "பாதர், எங்களுக்கு ராசியில்லை." ராசியல்ல அம்மா, அது எமது அறியாமை.

இருபது அடி நீளமும் பத்து அடி அகலமும் கொண்ட ஒரு குளத்துக்கு 40 குஞ்சுகள் போதும். 200 என்பது அந்த நீரால் தாங்க முடியாத சுமை. குஞ்சுகளை விடியற்காலையில் அல்லது பொழுது சாயும் வேளையில் விடவேண்டும். பையை அவிழ்க்காமல் கால் மணித்தியாலம் குளத்தில் மிதக்க விட்டு, பிறகு குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியேற விடுங்கள். இதற்குச் செலவு எதுவுமில்லை.

இனி நீருக்கு வருவோம். குளத்து நீர் மெல்லிய பச்சையாக இருப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிதான் அந்தப் பச்சை. திலாப்பியாவுக்கு அது உணவு. பகலில் வெயில் பட்டதும் அது ஒட்சிசனை வெளிவிடுகிறது. ஆனால் இரவில் அதே பாசி மீனைப் போலவே ஒட்சிசனை எடுத்துக்கொள்கிறது. ஆகவே விடிவதற்குச் சற்று முன்னர்தான் குளத்தில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். பச்சை தடித்துப் போன குளத்தில், மாரியில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மூட்டமாக இருந்துவிட்டால், பகலிலும் ஒட்சிசன் சேராது. அடுத்த விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிள்ளைகள் அதைப் பார்த்து "மீன் பசியில் வாயைத் திறக்குது" என்று தவிட்டைக் கொட்டுவார்கள். அதைவிடக் கெடுதல் இல்லை.

பச்சை அளவானதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். கையை நேராக நீருக்குள் விடுங்கள். முழங்கை நனையும் மட்டத்தில் உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் நல்லது. முழங்கை நனையுமுன்பே கை மறைந்தால் பச்சை கூடிவிட்டது. எருவையும் உணவையும் நிறுத்துங்கள். முழங்கை தாண்டியும் விரல் தெளிவாகத் தெரிந்தால் நீரில் சத்தில்லை. கொஞ்சம் மாட்டெரு கரைத்து விடலாம். சேற்றால் கலங்கிய நீருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

மூச்சுத் திணறும் மீனுக்கு உதவி வாளிதான். புதிய நீர் கிடைத்தால் உயரத்திலிருந்து விழும்படி ஊற்றுங்கள். கிடைக்காவிட்டால் குளத்து நீரையே வாளியால் அள்ளி, இடுப்பு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். ஒரு மணித்தியாலம் கை வலிக்கும், மீன் பிழைக்கும். கிணற்று நீரை இறைக்கும் இயந்திரத்தின் குழாயை நீருக்குள் அமிழ்த்தாமல் மேலே பிடித்துச் சிதற விடுவதும் இதற்காகவே. நிலத்தடியிலிருந்து அப்போது வந்த நீரிலும் ஒட்சிசன் குறைவு.

மீன் இறந்த விதமே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும். விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில் செத்து, சிறியவை தப்பியிருந்தால் அது ஒட்சிசன் குறைவு. பகலில் திடீரென்று, பெரிது சிறிது என்றில்லாமல் எல்லாம் துள்ளித் துடித்துச் செத்து, தவளையும் நீர்ப்பூச்சியும் சேர்ந்து மிதந்தால் அது நஞ்சு. நாளொன்றுக்கு ஒன்று இரண்டாக, உடலில் புண்ணோ பஞ்சு போன்ற படையோ தெரிய இறந்தால்தான் நோயைப் பற்றி யோசிக்கவேண்டும். மூச்சுத் திணறிச் செத்த மீனை உடனே எடுத்தால் கறிக்கு ஆகும். நஞ்சால் செத்ததைக் கோழிக்கும் போடாதீர்கள். கிணற்றுக்குத் தூரமாக ஆழக் கிடங்கு வெட்டிப் புதைத்துவிடுங்கள்.

நஞ்சு என்றதும் யாரோ பகையில் ஊற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுகிறது. இடம்பெயர்ந்தோர் வந்து குடியேறிய இடங்களில் அயலவரோடு இந்தப் பேச்சு மனக்கசப்பாகவும் வளர்ந்ததை நாம் கண்டிருக்கிறோம். பெரும்பாலும் உண்மை அதுவல்ல. மிளகாய்க்கும் கத்தரிக்கும் மருந்து அடித்துவிட்டு, தெளிகருவியைக் கழுவிய நீர் வாய்க்கால் வழியே வந்திருக்கும். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மனிதருக்குக் கேடு குறைந்தவை என்று சொல்லி விற்கப்படுகின்றன. மீனுக்கு அவை மிகச் சிறிய அளவிலும் கொடிய நஞ்சு. தெளிகருவியைக் குளக்கரையில் கழுவாமல் இருப்பதும், மருந்து அடிக்கும் நாளை அயலவர் முன்கூட்டிச் சொல்வதும் பெரிய காரியங்கள்.

இலுப்பைப் பிண்ணாக்கும் மீனுக்கு நஞ்சுதான். தேங்காய்ப் பிண்ணாக்கும் எள்ளுப் பிண்ணாக்கும் நல்ல உணவு என்பதால், பிண்ணாக்கெல்லாம் ஒன்று என்று எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு. புதிதாக மீன் விடுமுன் குளத்திலுள்ள விரால், கெளுத்தி போன்ற ஊனுண்ணி மீன்களை ஒழிக்கவே இலுப்பைப் பிண்ணாக்கைப் போடுவார்கள். போட்டபின் மூன்று கிழமையாவது கழியாமல் குஞ்சு விடக்கூடாது. இலுப்பை சேர்ந்த அரப்புத் தேய்த்துக் குளித்த நீரும் குளத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உணவு விடயத்தில் எமது மக்களின் குணமே பகையாகிறது. பசி கண்டவர்கள் நாம். வளர்க்கும் எதையும் பட்டினி போட மனம் வராது. ஆனால் ஒவ்வொன்றும் 50 கிராம் வரும் 40 மீன்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் தவிடும் பிண்ணாக்கும் போதும். இரண்டு கைப்பிடி, அவ்வளவுதான். கால் மணித்தியாலத்தில் தின்று முடியாததெல்லாம் அடியில் அழுகி அமோனியாவாகி மீனின் செவுளைச் சுடும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போடுங்கள். மீன் உணவுக்கு வராத நாள்தான் முதல் எச்சரிக்கை. அன்று உணவை நிறுத்தி, கால் பங்கு நீரை மாற்றுங்கள். கறையான், அசோலா, நறுக்கிய கங்குன் ஆகியவை செலவில்லாத உணவுகள்.

மண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரே துண்டுப் பிரசுரத்தை எல்லா மாவட்டத்துக்கும் கொடுப்பதில் எமக்கு உடன்பாடில்லை. வன்னியின் களிமண் நிலம் நீரைத் தாங்கும். செம்மண் பகுதியில், இருபதுக்குப் பத்து அடிக் குளத்துக்கு நீர் விடுமுன் 2 முதல் 3 கிலோ விவசாயச் சுண்ணாம்பு தூவிக் காயவிடுவது நல்லது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அடியில் சுண்ணாம்புக்கல். நீர் ஏற்கெனவே கடினமானது. அங்கே சுண்ணாம்பு வீண். குழி வெட்டினால் நீரும் நிற்காது, போட்ட எரு நேரே கிணற்று நீருக்குப் போய்விடும். அங்கு தடித்த பொலித்தீன் விரித்த குழியோ சீமெந்துத் தொட்டியோதான் பொருத்தம். புதுச் சீமெந்துத் தொட்டியில் உடனே மீன் விடாதீர்கள். சீமெந்தின் காரம் இறங்கும் வரை இரண்டு மூன்று கிழமை நீர் நிரப்பி நிரப்பி வெளியேற்ற வேண்டும். வெள்ளத்துக்குப் பின் கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால், அந்த நீரை இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகே மீனுக்கு விடுங்கள்.

உண்மையான நோய்களும் இல்லாமலில்லை. 1980களின் இறுதியில் இலங்கைக் குளங்களில் விராலும் கெண்டையும் உடலெங்கும் சிவந்த புண்ணோடு செத்தன. மக்கள் நன்னீர் மீன் வாங்கவே அஞ்சினார்கள். அது பூஞ்சணம் போன்ற ஓர் உயிரி உண்டாக்கும் புண் நோய்; மனிதருக்குத் தொற்றுவதில்லை. திலாப்பியா அதற்கு எளிதில் ஆளாவதுமில்லை. மழையும் குளிரும் கூடிய மாதங்களில், மீன் நலிந்திருக்கும்போது அது வரும். குளத்து விராலைப் பிடித்து வந்து வளவுக் குளத்தில் விடுபவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். மீன் பேன், நங்கூரப் புழு போன்றவை கண்ணுக்குத் தெரியும். அப்படியான மீனை 10 லீற்றர் நீரில் 100 கிராம் கல்லுப்புக் கரைத்து, பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் விட்டு எடுக்கலாம். அதற்கிடையில் மீன் சரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள். எமக்குத் தெரிந்து வளவுக் குளத்துக்கு வேண்டிய மருந்து இந்த உப்பு ஒன்றுதான். மனிதருக்கான நுண்ணுயிர் கொல்லிகளை நீரில் கொட்டுவது, நாளை எம் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு அதே மருந்து கேளாமல் போக வழி செய்வதாகும். அலங்கார மீன் கடையில் விற்கும் பச்சை மருந்து உண்ணும் மீனுக்கு ஆகவே ஆகாது.

"மீன் வளரவே இல்லை, நோய்தான்" என்பது இன்னொரு முறைப்பாடு. வலை வீசிப் பார்த்தால் விரல் நீளத்தில் நூற்றுக்கணக்கில் துள்ளும். 1952 இல் இந்த நாட்டுக்கு வந்த ஆபிரிக்கத் திலாப்பியா இளமையிலேயே குஞ்சு பொரித்துப் பெருகும். இடமும் உணவும் போதாமல் எல்லாம் குட்டையாகி நிற்கும். மாதம் ஒருமுறை நுளம்பு வலைத் துண்டால் சிறியவற்றை வாரிக் கருவாடாக்கினாலோ கோழிக்குப் போட்டாலோ மிச்சம் வளரும்.

பிறர் காணியில் இருப்பவர்கள் குளம் வெட்டுவது புத்தியா என்று கேட்கிறார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு இன்னும் சொந்த நிலம் கிடைக்கவில்லை. அவர்களிடம் "பொறுமையாக இருங்கள்" என்று சொல்லும் தைரியம் எமக்கில்லை. காணிக்காரரின் சம்மதத்தோடு, பொலித்தீன் விரித்த சிறு குளமாகச் செய்யலாம் என்பதே எமது அபிப்பிராயம். தை மாதத்தில் குஞ்சு விட்டு, ஆடியில் நீர் வற்றுமுன் பிடித்துவிட்டால் ஆறு மாதக் கணக்கு முடிந்துவிடும்; எழும்பச் சொன்னாலும் இழப்புச் சிறிது. 40 குஞ்சில் 30 தப்பி, ஒவ்வொன்றும் 200 கிராம் வந்தால் 6 கிலோ. இதை வருமானத் திட்டம் என்று சொல்லி விற்பவர்களை நம்பவேண்டாம். இது கறிச்சட்டிக்கான மீன். பிள்ளைகளின் தட்டில் கிழமைக்கு ஒருமுறை விழும் துண்டு.

குளத்தைச் சுற்றி வேலி இல்லாமல் ஒரு நாளும் நீர் நிரப்பாதீர்கள். மூன்று அடி நீர் தவழும் குழந்தைக்குக் கடல். வேலி இருந்தால் கபரகொய்யாவும் எளிதில் உள்ளே வராது.

அரசு நன்னீர் மீன்வளத்துக்கான உதவியை 1990 இல் நிறுத்தி, 1994 இல்தான் மீண்டும் தொடங்கியது. இன்று நக்டா எனப்படும் தேசிய நீரியல்வள அபிவிருத்தி அதிகார சபை குஞ்சு வளர்ப்பதையும் விரிவாக்கத்தையும் பார்க்கிறது. தொண்டு நிறுவனங்களும் வருகின்றன. அடுத்த முறை குஞ்சு வாகனம் உங்கள் ஊருக்கு வரும்போது, வரிசையில் நிற்குமுன் கேளுங்கள்: இது என்ன இனம், எத்தனை மணிக்குப் பையில் கட்டியது, எனது குளத்தை யார் வந்து பார்த்தது, ஒரு மாதம் கழித்து யார் வருவார்? பதில் இல்லையென்றால் 200 ஐ வாங்கவேண்டாம், 40 ஐ மட்டும் வாங்குங்கள். வாகனத்தில் வந்திருப்பது நாமாக இருந்தாலும் கேளுங்கள்.