காரணம் கூறாத நீக்கம்

தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இளங்கலைச் சிறப்புப் பாடத்தில், ஐந்தாம் பருவத்துக்குரிய பெண்கள் எழுத்து என்னும் தாளிலிருந்து தமிழ் எழுத்தாளர்கள் பாமாவும் சுகிர்தராணியும் நீக்கப்பட்டதை, 15 உறுப்பினர்கள் எழுத்து வடிவில் பதிவுசெய்த எதிர்ப்பையும் மீறி, 2021 ஆகஸ்ட் 24 அன்று கூடிய கல்விப் பேரவை ஏற்றுக்கொண்டது வன்மையான கண்டனத்துக்குரியது. மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ சிறுகதையும் இவ்வாறே கைவிடப்பட்டது.

ஒரு தாளில் எதைக் கற்பிப்பது என்பதை அத்துறையின் ஆசிரியர்கள் கூடி விவாதித்து வகுப்பதே பல்கலைக்கழக மரபு. அவ்வாறு வகுக்கப்பட்ட பாடத்திட்டம் விதிகளுக்கு உட்பட்டதா என்று பார்ப்பதற்காக அமைக்கப்பட்ட மேற்பார்வைக் குழு, நூல்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையையும் தானே எடுத்துக்கொண்டு, இரு தலித் எழுத்தாளர்களின் இடத்தில் பண்டித ரமாபாயை வைத்தது. ரமாபாய் போற்றுதலுக்குரிய சீர்திருத்தவாதி. அவரைச் சேர்ப்பதற்கு எவரும் தடை சொல்லப்போவதில்லை. ஆனால் அவரைச் சேர்ப்பதற்கு பாமாவை ஏன் வெளியேற்ற வேண்டும் என்பதற்குக் கல்வி சார்ந்த விளக்கம் எதுவும் அளிக்கப்படவில்லை. எழுத்தாளர்களின் சாதி தங்களுக்குத் தெரியாது என்று மட்டும் அக்குழுவின் தரப்பில் கூறப்பட்டது. சாதியைத் தன் எழுத்தின் மையப்பொருளாக்கிய ஒருவரின் நூலை வாசித்த எவரும் இந்த விடையைச் சொல்லியிருக்க முடியாது. எனவே நீக்கியவர்கள் அந்நூலை வாசித்தார்களா என்ற கேள்வி எழுவது இயல்பு.

வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்த பாமா, 1992இல் ‘கருக்கு’ நூலையும் 1994இல் ‘சங்கதி’ நூலையும் வெளியிட்டார். பாடமாக இருந்த ‘சங்கதி’ ஒரு தனிமனிதரின் கதையன்று. வயலில் ஆணுக்கு நிகராக உழைத்தும் குறைந்த கூலி பெறும் பெண்கள், சாதியாலும் வீட்டுக்குள் இருக்கும் ஆண்களாலும் ஒருசேர ஒடுக்கப்படுவதையும், அதற்கிடையே அவர்கள் சிரிப்பையும் வசவையும் பாட்டையும் ஆயுதமாக்கி எழுந்து நிற்பதையும், அவ்வட்டாரத்துச் சேரிமக்களின் பேச்சுமொழியிலேயே பதிவுசெய்த நூல் அது. அச்சில் ஏறத் தகாதது என்று ஒதுக்கப்பட்டிருந்த அந்த மொழியை இலக்கியத்துக்குரியதாக்கியது பாமாவின் தனிப்பெரும் பங்களிப்பு. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் என்ற மொழிபெயர்ப்பாளரின் நெடிய உழைப்பினால்தான் இந்நூல் ஆங்கிலத்துக்குச் சென்று, தமிழறியாத மாணவர்களின் கையை எட்டியது. ராணிப்பேட்டையை அடுத்த லாலாப்பேட்டையைச் சேர்ந்த சுகிர்தராணியின் ‘கைம்மாறு’, ‘என் உடல்’ ஆகிய கவிதைகளும் இவ்வாறே வகுப்பறையை அடைந்தன. மனிதக் கழிவை மனிதரே அள்ளும் இழிவைப் பேசும் கவிதை ஒன்று பெண்கள் எழுத்து பற்றிய தாளில் இடம்பெறலாகாது என்றால், அத்தாளில் எந்தப் பெண்ணின் எழுத்து இடம்பெறலாம் என்று அந்த மேற்பார்வைக் குழு கருதியது?

இது முதல் தவறும் அன்று. ராமாயணம் பல வடிவங்களில் வழங்கிவருவதை ஆராயும் ஏ.கே. ராமானுஜனின் கட்டுரை, இதே பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பாடத்திலிருந்து 2011 அக்டோபரில் நீக்கப்பட்டது. அக்கட்டுரையை எதிர்த்து 2008இல் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து வன்முறை நிகழ்த்தப்பட்டிருந்தது. அதன்பின் அமைக்கப்பட்ட வல்லுநர் குழுவின் நால்வரில் மூவர் அது நீடிக்கலாம் என்றே கூறினர். கேட்டுப் பெற்ற அந்தக் கருத்தை ஒதுக்கிவிட்டுக் கல்விப் பேரவை கட்டுரையை நீக்கியது. குறுந்தொகைப் பாடல்களை ஆங்கில உலகுக்குக் கொண்டுசென்ற ராமானுஜன் கம்பனை விரிவாகப் பேசிய கட்டுரை அது என்பதால், அன்றைய இழப்பிலும் தமிழுக்குப் பங்குண்டு. 2018இல் காஞ்சா அய்லய்யாவின் நூல்களை அரசியல் அறிவியல் பட்டியலிலிருந்து எடுத்துவிடப் பரிந்துரை எழுந்தபோதும், துறை ஆசிரியர்களின் கருத்துக்கு மேலாகப் பரிந்துரைத்த குழுவின் விருப்பமே முன்னிறுத்தப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அதிகார அவைகளில் அமர்பவர்கள் மாறியிருக்கலாம். கற்பிப்பவரைக் கேளாமல் நூலை அகற்றும் பழக்கம் மாறவில்லை. 2011இல் மிரட்டலுக்குப் பணிந்தார்கள் என்றாவது சொல்ல முடிந்தது. இம்முறை எவரும் மிரட்டாதபோதே தாங்களாக முன்வந்து வெட்டியிருக்கிறார்கள். இது முன்னதைவிடக் கேடானது.

பாடத்திட்டம் பற்றிய முடிவு அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களிடமே திரும்பிச் சேர வேண்டும். அதற்குரிய வழியைப் பல்கலைக்கழகம் விரைந்து காண வேண்டும். நீக்கியதற்கான காரணத்தை எழுத்தில் வைக்காதவரை, இம்முடிவைக் கல்வி சார்ந்ததாக ஏற்க இயலாது.