வானொலி அன்பரும் தொடர்பேட்டு மென்பொருளும்

(கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் எழுதுவது)

எமது கல்லூரியின் யூபிலி விழாவினையொட்டி, அமெச்சூர் வானொலி நிலையம் ஒன்றினைக் கல்லூரியில் நிறுவுதல் வேண்டும் என்னும் எண்ணம் பழைய மாணவரிடையே முளைத்துள்ளது. அலைவாங்கிக் கம்பத்திற்கு ஒருவர், அனுப்புங் கருவிக்கு ஒருவர், கணினிக்கு ஒருவர் எனப் பொறுப்பேற்க அன்பர் பலர் முன்வந்துள்ளனர். பெரிதும் மகிழ்தற்குரிய செய்தியே. ஆயின், அண்மையிற் கூடிய கூட்டத்தில், எல்லாவற்றினுஞ் சிறியதாகத் தோன்றிய ஒரு விடயத்திலேயே கருத்து வேற்றுமை எழுந்தது. நிலையத்தின் தொடர்புகளைப் பதிந்து வைத்தற்கு எம்மென்பொருளைத் தெரிவு செய்வது என்பதே அது. கடல் கடந்து வாழும் அன்பர் ஒருவர், ஆண்டுதோறும் சந்தா செலுத்திப் பெறும் ஒன்றினைத் தமது செலவில் வாங்கித் தருவதாக எழுதியிருந்தார். மற்றொருவர், தாம் கையாளும் இலவச மென்பொருளே போதுமானது என்றார். முடிவு யாதுமின்றிக் கூட்டம் கலைந்தது.

இவ்விடயத்தில் எழுதுதற்குத் தமிழாசிரியனுக்கு என்ன தகுதி என்று சிலர் வினவலாம். யான் பொறியியல் கற்றவனல்லன், பயிற்றப்பட்ட தமிழாசிரியன். எனினும், மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுழற்றி, டைனமோவின் வலுவினால் வானொலி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன். அன்று பற்றிய ஆசை பின்னாளில் அநுமதிப்பத்திரம் பெற்று வானலையிற் பேசும்வரை என்னை இட்டுச் சென்றது. மேலும், இஃது ஏடு பற்றிய விடயம். ஏடு பற்றிய விடயத்தில் தமிழாசிரியன் ஒரு சொற் கூறுதல் தகாததன்று.

தொடர்பேடு என்பது யாது? வானொலி அன்பர் 'லொக்' என வழங்குவதையே யான் இங்ஙனம் குறிக்கின்றேன். எந்நாள், எந்நேரம், எவ்வலைவரிசை, குரலா மோர்ஸ் குறியா கணினிக் குறியா, எதிர் நிலையத்தின் அழைப்புக்குறி யாது, சைகை எத்துணைத் தெளிவாகக் கேட்டது என்பவற்றை ஒவ்வொரு தொடர்புக்கும் எழுதி வைப்பதே அது. இரு நிலையங்களும் தத்தம் ஏட்டில் எழுதியவை ஒத்திருந்தால் மாத்திரமே தொடர்பு மெய்ப்பிக்கப்படும். நூறு நாடுகளோடும் தீவுகளோடும் பேசியமைக்கு வழங்கப்படும் புகழ்பெற்ற சான்றிதழும் இவ்வேட்டின் வலிமையிலேயே பெறப்படுவது. இன்று எமது நாட்டவரின் அழைப்புக்குறி 4எஸ் என்று தொடங்குகின்றது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அது வீ.எஸ். 7 என்று இருந்தது. பழைய ஏடொன்றில் அக்குறியைக் காண்பவர், ஒரு நாட்டின் வரலாற்றையே ஒரு வரியிற் காண்கின்றார்.

இனி, எனக்கு நேர்ந்ததைக் கூறுகின்றேன். தொடக்கத்தில் இரண்டாண்டுக் காலம் கொப்பியில் எழுதினேன். பின்னர் ஒரு மென்பொருளில் ஏறக்குறைய எட்டாண்டுத் தொடர்புகளைப் பதிந்தேன். அது கண்ணைக் கவர்ந்தது. உலகப் படத்திற் கோடு வரைந்து காட்டும். நாடுகளை எண்ணிச் சொல்லும். ஒரு நாள் கணினி பழுதுற்றது. ஆக்கியோர் அதற்கு முன்னரே அம்முயற்சியைக் கைவிட்டுவிட்டனர். புதிய கணினியில் அது இயங்க மறுத்தது. பதிவுக் கோப்பின் பிரதி என்னிடம் இருந்தது. வேறெந்த மென்பொருளுக்கும் அது விளங்கவில்லை. பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தேன், திறப்புத்தான் இல்லை.

சில திங்கள் கழித்துப் பின்லாந்து தேசத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வானலையில் எனக்கு நெடுநாள் நண்பராயிருந்த முதியவர் ஒருவர் காலமாகிவிட்டார் என்றும், தந்தையார் என்னோடு இறுதியாகப் பேசியது எந்நாள் என அறிய விரும்புவதாகவும் அவர் மைந்தர் எழுதியிருந்தார். தந்தையாரின் ஏட்டில் இறுதிப் பக்கங்கள் நோயின் தளர்ச்சியால் வாசிக்க முடியாதிருந்தனவாம். யான் என்ன விடை எழுதுவேன்? மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அன்று தொட்டு, மென்பொருள் ஒன்றினைக் காணும்போது, 'இஃது என்னென்ன காட்டும்?' என்று யான் வினவுவதில்லை. 'யான் எழுதியதை எனக்குத் திருப்பித் தருமா?' என்றே வினவுகின்றேன்.

கூட்டத்தில் எழுந்த பிணக்குக்கும் இவ்வினாவே தீர்வு என்பது என் கருத்து. விலை கொடுத்து வாங்கியதா, இலவசமா என்பது இரண்டாம்படியான விடயம். விலை பெறுவோர் குறை கேட்டு உதவுவர் என்பது உண்மை. இலவசமாகத் தருவோர் தமது ஓய்வு நேரத்தில் உழைப்பவராதலின், எந்நாளும் நிறுத்திவிடலாம் என்பதும் உண்மை. ஆனால் இன்று இலவசமாயிருப்பது நாளை விலைக்குரியதாகலாம். ஹாம் றேடியோ டீலக்ஸ் என்னும் பேர்பெற்ற மென்பொருள் தொடக்கத்தில் இலவசமாக வழங்கப்பட்டு, 2011ஆம் ஆண்டிற் கைமாறிய பின்னர் விலைக்குரியதாயிற்று. இதனாற் குற்றம் யாருக்குமில்லை. ஆக்கியோர் மாறுவது உலகியற்கை. மாறும் பொருளில் மாறாத ஏட்டினை எங்ஙனம் காப்பது என்பதே நாம் சிந்திக்க வேண்டுவது.

அதற்கு ஒரு வழி முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. 1996ஆம் ஆண்டில் ஏ.டீ.ஐ.எப். என்னும் பொது வடிவம் ஒன்று தோன்றியது. எம்மென்பொருளிலிருந்தும் வேறெம்மென்பொருளுக்கும் தொடர்பேட்டினைக் கொண்டு செல்லுதற்கென அமைந்தது அது. அதில் மறைபொருள் ஏதுமில்லை. ஒவ்வொரு விடயத்தின் முன்னும் அதன் பெயரும், அவ்விடயம் எத்தனை எழுத்துடையது என்னும் எண்ணும் நிற்கும். தொடர்பு ஒன்று முடியுமிடத்தில் முடிவுக்குறி நிற்கும். சாதாரண எழுத்துக் கோப்பாகையால், மென்பொருள் யாதுமில்லாவிடினும் கண்ணால் வாசிக்கலாம்.

எம் முன்னோர் ஓலை நிலைத்தது என்று எண்ணினாரல்லர். செல்லரிக்கு முன்னரே புதிய ஓலையிற் படியெடுத்தனர். சிறுப்பிட்டியில் தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்ற முடிந்தமைக்கு, பெயரறியாத எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வந்தமையே காரணம். ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது அழிந்தால் யாதாகும் என்பதை, 1981ஆம் ஆண்டில் எரிந்த எமது பொது நூலகத்தை அறிந்தவருக்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மென்பொருள் ஓலை போன்றது. தொடர்பேடு நூல் போன்றது.

நிற்க. ஒரு மென்பொருளை ஏற்குமுன் அதனை எங்ஙனம் சோதிப்பது? நான்கு சோதனைகளைக் கூறுவேன்.

முதலாவது, முழு ஏட்டினையும் பொது வடிவத்தில் வெளியே தருகின்றதா என்பது. பொய்த் தொடர்புகள் ஐந்தினை எழுதி, வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளிற் சேர்த்துப் பாருங்கள். பெயரும் குறிப்பும் குறையாது வந்தனவா என ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை. எட்டாண்டு இழப்பினைத் தடுக்கும்.

இரண்டாவது, நேரம். தொடர்பேடு உலகப் பொது நேரத்திலேயே எழுதப்படல் வேண்டும். எமது நேரம் அதனின் ஐந்தரை மணி முற்பட்டது. அதுவும் எக்காலத்தும் அங்ஙனம் இருந்ததில்லை. 1996 மே மாதத்தில் ஆறரை மணியாகவும், அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறு மணியாகவும், 2006 ஏப்பிரலில் மீண்டும் ஐந்தரை மணியாகவும் மாற்றப்பட்டது. இடையில் ஒரே தீவில் இரு மணிக்கூடுகள் இரு நேரங் காட்டியதை நாம் மறந்திலோம். அக்காலத்து ஏடொன்று உள்ளூர் நேரத்தில் எழுதப்பட்டிருப்பின், அதன் மெய்ந்நேரத்தை இன்று யார் துணிவார்? அமெரிக்க வானொலி றிலே லீக் 2003ஆம் ஆண்டு தொட்டு நடத்தும் உலகத் தொடர்பேட்டுச் சேவையில், இரு பக்கத்து நேரங்களும் அரை மணிக்கு மேல் வேறுபட்டால் தொடர்பு ஒத்துக்கொள்ளப்படுவதில்லை. ஐந்தரை மணிப் பிழையோடு எழுதப்பட்ட ஆயிரம் தொடர்புகளும் அங்கே ஒன்றுமில்லாதனவே.

நேரம் போன்றதே இடமும். வானொலி அன்பர் பூமியைக் கட்டங்களாக வகுத்துக் குறிக்கின்றனர். கிழக்கு நெட்டாங்கு 80 பாகைக் கோடு எமது குடாநாட்டின் ஊடே செல்கின்றது. ஆதலால் காரைநகர் எம்.ஜே. 99 என்னும் கட்டத்திலும், பருத்தித்துறை என்.ஜே. 09 என்னும் கட்டத்திலும் அமைகின்றன. கொழும்பிலிருந்து அமைத்து அனுப்பிய கணினியில் எம்.ஜே. 96 என்றே இருக்கும். நிலையத்தின் இடத்தை நாமே திருத்த மென்பொருள் இடந்தருதல் வேண்டும்.

மூன்றாவது, இணையமின்றி இயங்குமா என்பது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரமின்றி இருந்தோம். 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை எழுந்தபோது, தொலைபேசிகள் ஓய்ந்துவிட்ட அம்பாந்தோட்டையிலிருந்து சிற்றலை வழியே செய்தி கொணர்ந்தோர் வானொலி அன்பரே. அத்தகைய நாளில், யார் எந்நேரம் என்ன செய்தி தந்தார் என்பதைப் பதிய இணையத்தை எதிர்பார்த்திருக்கும் மென்பொருள் யாருக்குப் பயன்படும்? செல்வமும் ஆற்றலும் மிக்கோர் நடத்தும் சேவையும் தடைப்படவே செய்யும். 2024 மே மாதத்தில் மேற்கூறிய லீக்கின் கணினிகள் தாக்குதலுக்குள்ளானபோது, அவ்வுலகத் தொடர்பேட்டுச் சேவை யூலை முதலாந் திகதி வரை முடங்கிக் கிடந்தது. தம் ஏட்டினைத் தம்மிடமே வைத்திருந்தோர் காத்திருந்து பின்னர் அனுப்பினர், ஒன்றினையும் இழந்திலர்.

நான்காவது, தமிழாசிரியனது சோதனை. குறிப்புப் பகுதியில் நண்பரின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். பொது வடிவத்தின் வழக்கமான வகை ஆங்கில எழுத்துகளுக்கென்றே அமைந்தது. பிற மொழிகளுக்கு அதன் மற்றொரு வகையிலேயே முறையான இடமுண்டு. கணினியிலோ ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் பெரும்பாலும் மூன்று பைற்று இடங்கொள்ளும். எழுத்தை எண்ணும் மென்பொருளும் பைற்றை எண்ணும் மென்பொருளும் சந்திக்குமிடத்தில் பெயர் பாதியில் அறுந்துவிடும். இச்சோதனையில் தவறினால், பெயரை ஆங்கில எழுத்திலே பதிந்து, தமிழ்க் குறிப்பினைக் கொப்பியில் எழுதுக. குறை அறிந்து கையாள்வது குறையறியாது நம்புவதினும் மேலானது.

இந்நான்கினையும் மனத்திற் கொண்டு நோக்கின், எமது கல்லூரிக்கு ஏற்றவை இல்லாமற் போகவில்லை. வானொலிப் போட்டிகளுக்கு விண்டோஸ் கணினியில் இயங்கும் என்1எம்எம் லொக்கர் பிளஸ் உண்டு. நாள்முறைத் தொடர்புகளுக்கு லொக்4ஓஎம் உண்டு. பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவினால் சீகியூஆர்லொக் உண்டு. பல மாணவர் ஒரே நிலையத்தைக் கையாளுமிடத்து, கல்லூரியின் சொந்தக் கணினியிலேயே நிறுவி உள்வலையில் எல்லோரும் எழுதத்தக்க வேவ்லொக் உண்டு. நொபெல் பரிசு பெற்ற வானியலறிஞர் யோசெப் ரெயிலரும் துணைவரும் ஆக்கிய, மெலிந்த சைகையையும் பதினைந்து விநாடி முறையிற் பிடித்துத் தரும் எப்.ரீ. 8 முறையின் மென்பொருளும் தன் பதிவினைப் பொது வடிவத்திலேயே எழுதுகின்றது. இவை யாவும் விலையின்றிக் கிடைப்பன.

ஆகவே, கடல் கடந்த அன்பரின் கொடையை யான் மறுக்கின்றேனல்லேன். அதன் திசையை மாற்றுமாறு வேண்டுகின்றேன். ஒரு தலைமுறை கழிந்த பின் ஆண்டுச் சந்தாவை யார் செலுத்துவார் என்பது தெரியாது. அப்பணத்தினால் மின்வெட்டிலும் நிலையம் இயங்கத்தக்க மின்கலமும், கட்டிய கொப்பிகள் சிலவும் வாங்கலாம். மாத முடிவில் ஏட்டினைப் பொது வடிவில் வெளியே எடுத்து, ஒரு பிரதி நிலையத்திலும், ஒரு பிரதி கல்லூரி நூலகத்திலும், ஒரு பிரதி கடல் கடந்த கிளைச் சங்கத்திலுமாக வைத்தல் வேண்டும். இப்பணியை மாணவத் தலைவன் ஒருவனிடம் ஒப்படைத்து, அதிபரின் கையொப்பத்தோடு இடாப்பிற் பதிதல் நன்று.

மாணவ அன்பர்களே, நிலையம் திறக்கப்படும் நாளில் உங்களில் ஒருவர் எங்கோ ஒரு தேசத்தவரோடு முதன்முறை பேசுவீர். அத்தொடர்பினைக் கணினியில் எழுதுக, கொப்பியிலும் எழுதுக. என்றேனும் ஒரு நாள், ஒரு மைந்தரோ மகளோ அந்நாளைக் கேட்டு எமது கல்லூரிக்குக் கடிதம் எழுதலாம். அன்று கல்லூரியிலிருப்போர் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டிய நிலை வாராதிருக்கட்டும்.