கொல்லைக் கோழிக்குச் சளி பிடித்தால்: ஹலால் கத்தியோடு முடிந்துவிடுகிறதா?



சேவல் தொழுகைக்காக எழுப்புகிறது, ஆகவே அதை ஏச வேண்டாம் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. சேவலின் கூவலைக் கேட்கும்போது அல்லாஹ்வின் அருளை வேண்டுமாறு அவர்கள் சொன்னதைப் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். ஃபஜ்ருக்கு நம்மை எழுப்பும் அந்தப் பறவைக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்ன என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

ஓசூர், மத்திகிரி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி, கிருஷ்ணகிரி என்று நம் பகுதி முழுவதும், சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்டு வேலைக்குச் செல்வோர் வீடுகளில்கூட, பின்புறத்தில் நான்கைந்து நாட்டுக்கோழிகள் மேய்வதைப் பார்க்கலாம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழிப் பனியில் மனிதனுக்கே மூக்கு அடைக்கிற ஊர். அந்த நாட்களில் கூட்டைத் திறந்தால் ஏதேனும் ஒரு கோழி கொர்கொர் என்று மூச்சுவிடும்; கண்ணில் நுரை கட்டியிருக்கும்; கழுத்தை நீட்டி வாயைத் திறந்து காற்றை இழுக்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததை மறைத்துவிட்டுப் பிறரைக் குறை கூறுவது நேர்மையாகாது. இரண்டு கோழிகளுக்கு இப்படி ஆனபோது, பிள்ளையின் காய்ச்சலுக்கு வாங்கி மீந்திருந்த ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தோம். மூன்று நாள் கொடுத்தும் ஒன்று தேறவில்லை. செத்துப்போவதற்குள் அறுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்ல, நான்காம் நாள் அறுத்தோம். பாதியை, பிள்ளை பெற்று இருபது நாளான உறவுக்காரப் பெண்ணுக்கு மிளகுச்சாறு வைத்து அனுப்பினோம். அறுத்தவர் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் அறுத்தார். ஹலாலான உணவைத் தந்த மனநிறைவு எங்களுக்கு. சில வாரம் கழித்து மற்றொரு கோழியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டியபோது அவர் கேட்டார்: “மருந்து கொடுத்து எத்தனை நாளில் அறுத்தீர்கள்?” அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

உயிரோடிருக்கும் பிராணியை முறைப்படி அறுத்தால் அது செத்த பிராணி ஆகிவிடாது. அச்சட்டத்தின் நுணுக்கங்களை ஆலிம்கள் விளக்குவார்கள். அதில் நான் தலையிடவில்லை. ஆனால், அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனத்தில் அல்லாஹ் ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே சொல்கிறான். அனுமதிக்கப்பட்டதாக இருப்பதோடு, தூய்மையானதாகவும் நலம் தருவதாகவும் உணவு இருக்க வேண்டும். கத்தியின் கூர்மையையும் அறுக்கும் முறையையும் கவனமாகப் பார்க்கும் நாம், அந்தக் கோழி முந்தைய வாரம் என்ன விழுங்கியது என்று கேட்பதில்லை.

முதலில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை. கோழியின் சளி ஒரே நோயன்று. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் அழைக்கும் ராணிக்கெட் நோய் வைரஸால் வருவது; மூச்சுத்திணறலோடு கழிச்சலும், பிறகு கழுத்துத் திருகலும் காணும். தொற்று மூச்சுக்குழல் அழற்சியும் வைரஸ்தான். வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் கொல்லாது. பூஞ்சை பிடித்த கூளத்திலும் தீனியிலும் இருந்து குஞ்சுகளின் நுரையீரலுக்குள் பூஞ்சையே புகுந்துவிடுவதுண்டு. அதற்கும் இம்மருந்து பயன்படாது. முகம் வீங்கி, மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் நீர் வடியும் கொரைசாவும், நாள்பட்ட சளி நோயான மைக்கோபிளாஸ்மா தொற்றுமே பாக்டீரியாவால் வருபவை. அவற்றிலும் ஒரு நுட்பம் உண்டு. அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குபவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. இல்லாத சுவரை இடிக்க மருந்து கொடுக்கிறோம். டைலோசின், டாக்சிசைக்ளின் போன்ற பொருத்தமான மருந்தைக் கொடுத்தாலும், அறிகுறி தணியுமே தவிர, கிருமி பெரும்பாலும் கோழியின் உடலில் தங்கிவிடும்.

ஆக, கொர்கொர் என்னும் ஒரே ஓசைக்குப் பின்னால் நான்கைந்து காரணங்கள் இருக்கின்றன. காதால் கேட்டு மருந்தைத் தீர்மானிக்க யாராலும் இயலாது. மருத்துவம் அறியாத நிலையில் மருத்துவம் செய்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் உண்டு. அது மனிதருக்கான மருத்துவத்தைப் பற்றிச் சொல்லப்பட்டது. வாயில்லாப் பிராணியின் விஷயத்தில் அந்தப் பொறுப்பு குறைந்துவிடும் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதி என்னவாயிற்று என்பதை நாம் அறிவோம்.

தவறான மருந்தால் கோழிக்குப் பயனில்லை என்பதோடு விஷயம் நின்றுவிட்டால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அரைகுறை அளவில் கொடுக்கப்படும் மருந்து, எளிதில் சாகும் கிருமிகளைக் கொன்று, தாக்குப்பிடிப்பவற்றைப் பெருக விடுகிறது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார். தண்ணீரில் கலந்து வைக்கும் மருந்தில் இக்கோளாறு இன்னும் அதிகம். நோய் முற்றிய கோழி தண்ணீரே அருந்தாது, நலமாயிருக்கும் கோழிதான் நிறையக் குடிக்கும். மருந்துக்கு மசியாத கிருமி எச்சத்தோடு வெளியேறி, கொத்தமல்லிப் பாத்திக்கு எருவாகவும், கூட்டைப் பெருக்கும் கைகள் வழியாகவும், கோழி நறுக்கும் பலகை வழியாகவும் வீட்டுக்குள் வருகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்பது உண்மை. ஆனால் அடுப்புக்குப் போவதற்கு முன்பே அது கையில் ஒட்டிவிடுகிறதே. இறைச்சியில் தங்கும் மருந்தின் எச்சமோ சமைத்தாலும் முழுமையாக அழிவதில்லை.

2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12.7 லட்சம் பேர், மருந்துக்கு மசியாத பாக்டீரியாத் தொற்றுகளின் நேரடி விளைவாக இறந்தனர் என்று லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு கடைசியாகப் பயன்படும் கோலிஸ்டினைக் கோழிகளுக்கும் பிற உணவுப் பிராணிகளுக்கும் பயன்படுத்த, அதே 2019 ஜூலையில் இந்திய அரசு தடை விதித்தது. கோழிகளுக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படும் என்ரோஃப்ளாக்சசினை அமெரிக்கா 2005இலேயே கோழி வளர்ப்பிலிருந்து விலக்கிவிட்டது.

இனி அந்த மருத்துவரின் கேள்விக்கு வருவோம். மருந்து கொடுத்து நிறுத்திய பிறகு, அது உடலிலிருந்து நீங்கும்வரை இறைச்சியையோ முட்டையையோ உண்ணாமல் காத்திருக்க வேண்டிய காலம் ஒன்று உண்டு. 2012 ஜனவரியில் திருத்தப்பட்ட நமது மருந்துச் சட்ட விதிகளின்படி, மருந்தின் உறையில் அக்காலம் குறிப்பிடப்பட வேண்டும். அந்தப் பிராணிக்கெனத் தனியே குறிப்பிடப்படாவிட்டால், முட்டைக்கு 7 நாளுக்கும் இறைச்சிக்கு 28 நாளுக்கும் குறையக்கூடாது. சில மருந்துகளை முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கவே கூடாது. நாங்கள் மனிதருக்கான கேப்சூலைக் கொடுத்து, மறுநாளே அறுத்தோம்.

இக்காத்திருப்பு நவீன விஞ்ஞானம் புதிதாகச் சுமத்திய பாரம் என்று எண்ணிவிட வேண்டாம். அசுத்தத்தைத் தின்று வாழும் பிராணியை ஜல்லாலா என்பர். அதன் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. அத்தகைய கோழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் மூன்று நாள் அடைத்து வைத்துத் தூய தீனி கொடுத்த பிறகே உண்பார்கள் என்று இப்னு அபீ ஷைபாவின் தொகுப்பில் காண்கிறோம். மருந்தும் அசுத்தமும் ஒன்று என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை; அது ஆலிம்களின் பணி. ஆனால் கோழி எதை உட்கொண்டது என்று பார்த்து, அது நீங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு அறுப்பது நம் முன்னோர் அறிந்த ஒழுக்கம் என்பது இதனால் தெளிவாகிறது.

“பெரிய பண்ணைகள் மூட்டை மூட்டையாக மருந்து கொட்டுகின்றன. நான்கு கோழி வளர்க்கும் ஏழையிடம் ஏன் வருகிறீர்கள்?” என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் தலைநகர்ப் பகுதியில் எடுத்த 70 கோழி இறைச்சி மாதிரிகளில் 40 விழுக்காட்டில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. பண்ணைகளின் பங்கே பெரிது. அவர்களைக் கேள்வி கேட்க வேண்டியது அரசின் கடமை, நம் கடமையும்கூட. எனினும், பண்ணைக்கோழி வேண்டாம் என்று நாட்டுக்கோழியைத் தேடுவோர் யார்? பிள்ளை பெற்ற பெண், காய்ச்சலிலிருந்து எழுந்த முதியவர், சளி பிடித்த குழந்தை. உடலில் வலு குறைந்தவர்களுக்காகவே அது தூயது என்று நம்பி வாங்கப்படுகிறது. அந்த நம்பிக்கைதான் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பிறர் மோசடி செய்கிறார்கள் என்பதால் நம் அமானிதம் லேசாகிவிடாது.

சந்தையிலும் இதே நிலைதான். கோழி சாகும் முன் குந்தாரப்பள்ளிச் சந்தையிலோ போச்சம்பள்ளிச் சந்தையிலோ தள்ளிவிடலாம் என்ற எண்ணம் நம்மவரிடமும் இருக்கிறது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மோசடி செய்பவரைத் தம்மைச் சார்ந்தவராக ஏற்கவில்லை. நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களோடு சேர்க்கக் கூடாது என்றும் அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். நோயை மறைத்து விற்பவர் இவ்விரண்டையும் ஒரே விற்பனையில் மீறுகிறார். நம்முடையது எல்லைப் பகுதி. அத்திப்பள்ளியைத் தாண்டிக் கோழிகளும் தீனியும் மருந்தும் நாள்தோறும் போய் வருகின்றன. 2012 அக்டோபரில் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் மத்திய அரசின் பண்ணையிலேயே பறவைக் காய்ச்சல் கண்டது. கோழிகள் திடீரென்று கூட்டமாக மடிந்தால் தொடாமல், அறுக்காமல், உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. நோயுற்ற கோழியை அன்றே பிரித்து, தனிப் பஞ்சாரத்தில் அடையுங்கள். தீனியும் தண்ணீரும் தனியே வையுங்கள். கூளத்தை உலர்வாக வையுங்கள். பனிக்குப் பயந்து கூட்டை நாலாபுறமும் சாக்கால் மூடினால், எச்சத்தின் அம்மோனியா வாடையே மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். மேற்புறம் காற்று போக வழி விடுங்கள். ராணிக்கெட் நோய்க்கு ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. வந்த பின் மருந்தில்லாத நோய்க்கு வருமுன் காக்கும் வழி அதுவே. மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக்கென்றே ஒரு கல்லூரி, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. 1824இல் தொடங்கப்பட்ட கால்நடைப் பண்ணையும் நம் ஊரில்தான் இருக்கிறது. இத்தனை அருகில் அறிவை வைத்துக்கொண்டு, மீந்துபோன கேப்சூலை நம்புவானேன்?

மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் கொடுங்கள். நோய்க்கு மருந்தை இறக்கியவனும் அல்லாஹ்வே. சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கேட்டு, அக்கோழியின் காலில் ஒரு வண்ண நூலைக் கட்டி, கடைசி வேளை மருந்து கொடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்த நூல் காலில் இருக்கும்வரை அந்தக் கோழியை உண்ணவோ விற்கவோ வேண்டாம். ஸதகாவாகவும் தர வேண்டாம். முட்டையை அண்டை வீட்டுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிப்ரவரியில் தடுப்பூசி முகாம் நடைபெறும் இடத்தையும் நாளையும் ஜும்ஆவுக்குப் பின் அறிவியுங்கள். வருடத்தில் ஒரு பயானிலாவது, அறுக்கும் முறையோடு அறுப்பதற்கு முந்தைய நாட்களைப் பற்றியும் பேசச் சொல்லுங்கள்.

அந்த உறவுக்காரப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் அல்லாஹ்வின் அருளால் எந்தக் கேடும் நேரவில்லை. பிறகு நான் அவரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “தெரியாமல்தானே செய்தீர்கள்” என்றார். இப்போது எனக்குத் தெரியும்; இதைப் படித்த உங்களுக்கும் தெரியும். இனி அந்தச் சாக்கு நமக்கில்லை.

நாம் உண்பதையும் பிறருக்கு ஊட்டுவதையும் ஹலாலானதாகவும் தய்யிபானதாகவும் அல்லாஹ் ஆக்குவானாக. நம் பொறுப்பிலுள்ள வாயில்லா உயிர்களின் விஷயத்தில் அவனை அஞ்சி நடப்போராக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.