சவரத்துக்கு ஆள் வைக்க வேண்டுமா?

ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தால், மறு மாதமே இணையதளம் வேண்டும் என்ற பேச்சு வந்துவிடுகிறது. உடனே இரண்டு கட்சி. "தொழில் தெரிந்தவனிடம் கொடுங்கள். நாமே செய்வது நாமே முடி வெட்டிக்கொள்வது மாதிரி, பின்பக்கம் கோணலாகத்தான் வரும்" என்பது ஒன்று. "விக்ஸ் இருக்கிறது, வேர்ட்பிரஸ் இருக்கிறது, கூகுள் சைட்ஸ் சும்மாவே கிடைக்கிறது, எதற்குக் காசு?" என்பது மற்றொன்று.

நான் இரண்டாவது கட்சி. ஆனால் காசுக்காக அல்ல.

முடி வெட்டும் உவமையே தப்பு. முடி மாதத்துக்கு ஒரு தடவை. இணையதளம் சவரம் மாதிரி, நாள் தவறினால் முகத்தில் தெரியும். கூட்டத் தேதி மாறும், செயலாளர் மாறுவார், செயலாளரின் கைபேசி எண் அவரைவிட வேகமாக மாறும். ஒவ்வொரு தடவையும் வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு, "திங்கட்கிழமை பண்ணிடறேன் சார்" என்ற பதிலைக் கேட்டு, எந்தத் திங்கட்கிழமை என்று கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பதற்கு, ஐந்து நிமிடத்தில் நாமே திருத்திவிடலாம். பொங்கல் முடிந்து மூன்று மாதம் ஆன பிறகும் பொங்கல் விழா அழைப்பு முகப்பில் தொங்கும் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஆள் வைத்துச் செய்தவைதான்.

இன்னொன்று. அந்த ஆள் முதல் நாளே கேட்பது என்ன? "கன்டென்ட் கொடுங்க சார்." யார் நாம், என்ன செய்கிறோம், எங்கே இருக்கிறோம், எப்போது திறந்திருப்போம், படம் எங்கே. வேலையில் பெரும்பாதி அதுதான். அலுவலகத்தில் வரைவு எழுதியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: பாடு முழுவதும் வரைவில்தான், சுத்தப்பிரதி அடிப்பது அதற்குப் பிறகு. அந்தப் பாட்டை நாம்தான் படப்போகிறோம் என்றால் மீதியையும் ஏன் விட வேண்டும்?

நாம் எழுதிக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நண்பர் ஒருவர், இங்கே புதுச்சேரியில், பாட்டனார் வீட்டில் நான்கு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறார். பிரெஞ்சுக்காரர்கள் நிறைய வருவார்கள். அவருக்குத் தளம் செய்த தம்பி பிரெஞ்சுப் பக்கத்தை இயந்திரத்திடம் கொடுத்து மொழிபெயர்த்துப் போட்டுவிட்டார். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் காலி என்றும் பொருள், இலவசம் என்றும் பொருள். பிரெஞ்சில் 'லிப்ர்' வேறு, 'கிராத்துய்' வேறு. நண்பரின் அறைகள் எல்லாம் இலவசமாகிவிட்டன! பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் என் கண்ணில் பட்டது. சொன்னேன். திருத்த மூன்று வாரம் ஆனது.

அந்தத் தளத்தின் தமிழ்ப் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். துண்டறிக்கை அச்சடித்தபோது செய்த பக்கத்தை அப்படியே படமாக ஒட்டியிருந்தார். பார்க்க அழகுதான். ஆனால் படமாக ஒட்டிய எழுத்தைப் பிரதி எடுக்க முடியாது, கைபேசியில் பெரிதாக்கினால் மங்கும், பார்வை இல்லாதவர்களுக்குப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கு அது வெறும் படம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினாலோ, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் நாமே தட்டிய நான்கு வரி இந்த அழகை விட மேல்.

இதெல்லாம் சில்லறை. பெரிய அடி பிறகு விழுந்தது. நண்பரின் தளத்துக்கான பெயரை, அதாவது முகவரியை, அந்தத் தம்பி தன் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தம்பி வேறு வேலைக்கு வெளியூர் போய்விட்டார், எண்ணும் மாறிவிட்டது. புதுப்பிக்காததால் பெயர் காலாவதியாகி, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பெயர்ப்பலகை, முகவரி அட்டை, பழைய விருந்தினர்கள் ஊரில் நண்பர்களுக்குச் சொல்லிவைத்த முகவரி எல்லாம் இப்போது ஏதோ ஒரு விளம்பரத்துக்கு வழிகாட்டுகின்றன. நொத்தேரிடம் போய்ப் பத்திரம் எழுதிய குடும்பத்தில் பிறந்தவர், வீட்டைக் கொத்தனார் பெயரில் பதிவு செய்வாரா? இணையத்தில் அதைத்தான் செய்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

என் கட்சிக்காரர்களும் ரொம்பத் துள்ள வேண்டாம். சும்மா கிடைப்பது சும்மா போய்விடும். யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டது, அதோடு லட்சக்கணக்கானவர்களின் பக்கங்களும் போயின. சிறு கடைக்காரர்களுக்குக் கூகுள் தன் பிசினஸ் புரொஃபைல் வழியாகக் கொடுத்துவந்த இலவசத் தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. விக்ஸில் கட்டியதை அப்படியே பெயர்த்து இன்னொரு இடத்தில் வைக்க முடியாது, அது அவர்கள் இடத்தில்தான் ஓடும். வேர்ட்பிரஸில் எழுதியதை மூட்டை கட்டி எடுத்துப் போகலாம் என்பதால்தான் அதை நான் சொல்கிறேன், கற்றுக்கொள்ளக் கொஞ்சம் கடினமாக இருந்தாலும். எதில் செய்தாலும், பெயரைத் தனியாக, சொந்தப் பெயரில், சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்துகொள்ளுங்கள். சங்கம் என்றால் சங்கத்தின் பெயரில், செயலாளரின் பேரன் பெயரில் அல்ல. ஆண்டுக்கு நாம் பத்திரிகைக்குக் கொடுக்கும் காசுகூட ஆகாது. எழுதியதன் பிரதி ஒன்று உங்கள் கணினியிலும் இருக்கட்டும்.

ஆள் வைக்கவே கூடாது என்கிறேனா? இல்லை. நூற்றுக்கணக்கான சரக்கை வைத்துப் பணம் வாங்கி விற்பவர், நோயாளிகளின் விவரம் வாங்கும் மருத்துவர், இவர்கள் நல்ல ஆளை, நல்ல கூலி கொடுத்துத்தான் வைக்க வேண்டும். அந்த வேலையை அறிந்தவன் வாங்கும் காசு நியாயமான காசு. ஆனால் முன்பணம் கொடுக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: பெயர் என் பெயரில், கடவுச்சொல் என் கையில், கோப்புகளின் பிரதி என்னிடம். அவர் தயங்கினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். நம் ஊரில் இந்த வேலை தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.