வான்வழிக் காட்சியும் மண்வழி அறிவும்

இராமகாதையின் இறுதியிற் போர் முடிந்து புட்பக விமானத்தில் அயோத்திக்கு மீளும் இராமன், கீழே தோன்றும் சேதுவையும் கிட்கிந்தையையும் கோதாவரிக் கரையையும் சீதைக்கு ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டிச் செல்கின்றான். நாம் மாணவராய் இருந்த காலத்தில் இப்பகுதியைக் கற்றபோது விமானத்தின் வியப்பே எம் உள்ளத்தைக் கவர்ந்தது. அவன் காட்டிய இடங்கள் யாவும் முன்னரே அவன் காலால் நடந்து கடந்தவை என்பது அந்நாளில் எமக்குத் தோன்றவில்லை. நடந்தறிந்த நிலத்தையே அவன் மேலிருந்து காட்டினான். அதனாற்றான் அவனுக்குச் சொல்லுதற்குச் செய்தி இருந்தது.

இத்துணை எளிய உண்மை எமக்குப் புலப்படத் தலை நரைத்தபின் நாற்பத்தைந்து நிமிடம் ஹெலிகொப்டரிற் பறக்க வேண்டியிருந்தது. அப்பயணத்தைப் பற்றிச் சில சொல்லி, அதனால் எம் உள்ளத்தில் உதித்த கருத்தொன்றையும் நம் கல்லூரியின் விழா மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் கூற விழைகின்றோம்.

நாம் பறந்தது இந்து சமுத்திரத்தின் தென்மேற்கே, மடகாஸ்கருக்கும் மொரீசியசுக்கும் இடையிலுள்ள ரீயூனியன் தீவின் மேல். 1946 முதல் பிரான்சு நாட்டின் மாவட்டங்களுள் ஒன்றாக ஆளப்பட்டு வரும் அத்தீவின் பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீற்றர். நம் குடாநாட்டைப் போல இரண்டரை மடங்கு எனலாம். தீவு முழுவதும் எரிமலைக் குழம்பினால் ஆனது. அதன் மிக உயர்ந்த சிகரமாகிய பிதோன் தே நேழ் 3,070 மீற்றர் உயரமுடையது. பல்லாயிரம் ஆண்டுகளாக உறங்குவது. தென்கிழக்கே 2,632 மீற்றர் உயர்ந்து நிற்கும் பிதோன் தெ லா ஃபூர்னேஸ், உலகில் அடிக்கடி கனலும் எரிமலைகளுள் ஒன்று. ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தக்கணத்தின் கருங்கற் பரப்பைக் கக்கிய அதே வெப்ப ஊற்றே இத்தீவையும் ஆக்கியது என்பர் புவியியலாளர். கடலுக்கு மேல் இத்தீவு தலைகாட்டிச் சுமார் முப்பது இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. நம் குடாநாட்டின் சுண்ணக்கல்லோ மயோசீன் காலத்தது. அக்காலம் முடிந்தே ஐம்பது இலட்சம் ஆண்டுகள் சென்றுவிட்டன. வானளாவும் அம்மலைகள் நம் தட்டை நிலத்துக்கு இளையவை என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே மிகுகின்றது.

எம்முடன் ஒரே வகுப்பிற் கற்று, 1980களில் நாடு நீங்கிப் பாரிசு நகரிற் குடியேறிய நண்பர் ஒருவரே எம்மை அங்கு அழைத்துச் சென்றார். மலைகளை முகில் மூடுவதற்கு முன் பறக்க வேண்டியிருத்தலால், விடிந்த கையோடு மேற்குக் கரையிலுள்ள பறப்பு நிலையத்தை அடைந்தோம். பயணிகள் ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்து, நிறைக்கேற்ப ஆசனம் வகுத்தனர். சந்தையில் வாழைக்குலை நிறுக்கப்படுவதை நினைந்து இருவரும் நகைத்தோம். ஆனால் இயந்திரம் முடுக்கப்பட்டு மேற்சிறகுகள் காற்றை அறையத் தொடங்கிய அக்கணத்தில் எம் நகைப்பு நின்றது. நண்பர் தலையைக் குனிந்து, இரு கைகளாலும் முழங்கால்களைப் பற்றிக்கொண்டார். சிறிது பொறுத்து, எம் காதருகே வாயை வைத்து, “அந்தக் காலம் இந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடினனாங்கள், இப்ப காசு குடுத்து ஏறுறம், மச்சான்” என்றார்.

எம் தலைமுறையினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை, இளைஞர்க்காகவே எழுதுகின்றோம். உலங்கு வானூர்தி என்று நம்மூரில் வழங்கும் இவ்வூர்தியின் ஒலி, போர் நடந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தார்க்கு ஓர் அறிவிப்பு. வகுப்பறையிற் கேட்டால் மேசைக்குக் கீழே புகுவோம்; வீட்டிற் கேட்டால் பதுங்குகுழியை நாடுவோம். மேலே இருப்பவர்க்கு நாம் யார், மாணவரோ நோயாளரோ தோட்டத்துக்கு நீர் இறைப்பவரோ, என்பது தெரியாது. அவர்க்கு நாம் புள்ளிகள். 2009 இற் போர் முடிவுற்று ஆண்டுகள் பல சென்ற பின்னும் அவ்வொலி எம் முதுகுத்தண்டில் எங்கோ தங்கியிருக்கின்றது.

ஊர்தி எழுந்தது. கரையோரத்தில் முருகைக்கல் வேலியிட்ட இளநீலக் கடல். அதனையடுத்துக் கரும்புத் தோட்டங்கள். பின்னர் திடீரென நிலம் பிளந்து, ஆயிரம் மீற்றருக்கு மேல் ஆழமான பெரும் பள்ளத்தாக்குகள். மஃபாத், சிலாவோஸ், சலாசி எனும் இம்மூன்றும் பழைய எரிமலையின் உடல் அரிப்புண்டு இடிந்ததனால் உண்டானவை. ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் இவற்றை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. 1966 சனவரியில் வீசிய புயலின்போது இத்தீவில் ஓரிடத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 1,825 மில்லிமீற்றர் மழை பெய்ததாக உலகச் சாதனைப் பதிவு உண்டு. யாழ்ப்பாணத்தில் ஓராண்டு முழுதும் பெய்வதினும் அது மிகுதி. அம்மழை செதுக்கிய பாறைச் சுவர்களிலிருந்து வெள்ளி இழைகளென அருவிகள் தொங்கின.

பின்னர் கனலும் மலையை அடைந்தோம். பச்சை நீங்கிச் சாம்பலும் கருமையும் பரந்த வெளி. அதன் நடுவே தொலொமியூ எனும் பெருவாய். 2007 ஏப்ரலில் எழுந்த குமுறலின்போது அவ்வாயின் தளம் முந்நூறு மீற்றருக்கு மேல் உள்ளிறங்கிற்று. குழம்பு கடல்வரை ஓடிற்று. 1977 இல் ஓடிய குழம்பு கரையோர ஊரொன்றிலுள்ள தேவாலயத்தின் வாயில்வரை வந்து, இருபுறமும் பிரிந்து சென்றது. இவற்றையெல்லாம் காதணியில் ஒலித்த குரல் கூறக் கேட்டோம். கண் விழுங்க முடியாத காட்சி அது. அதனைக் கண்டமைக்காக நாம் வருந்தவில்லை.

ஆயின் மஃபாத் பள்ளத்தாக்கின் மேல் தாழப் பறந்தபொழுதுதான் எம் மனம் ஓரிடத்தில் தடுக்கி நின்றது. அப்பள்ளத்தாக்குக்கு வீதி இல்லை. சில நூறு குடிமக்கள் சிற்றூர்களிற் சிதறி வாழ்கின்றனர். தகரக் கூரையிட்ட வீடொன்றின் முற்றத்தில் உடுப்பு உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து எம்மை நோக்கினார். அவர் முகம் எமக்குத் தெரியவில்லை. அவர் ஒரு புள்ளி. முன்னொரு காலத்தில் நாம் நின்ற இடத்தில் அவர் நின்றார். அன்று எம் தலைமேற் பறந்தவர் இருந்த இடத்தில் இன்று நாம் இருந்தோம். எம் கையிற் படப்பெட்டியன்றி வேறொன்றும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் அவர் அமைதியை நாம் கலைத்தோம் என்பதும் உண்மை. உல்லாசப் பறப்புகளின் இரைச்சலைப் பற்றி அத்தீவில் முறைப்பாடுகள் உள என்பதைப் பின்னர் அறிந்தோம்.

மறுநாள் நண்பரும் நாமும் அப்பள்ளத்தாக்குக்குள் நடந்தே இறங்குவதெனத் தீர்மானித்தோம். முந்நாள் நாம் சில நொடிகளிற் கடந்த சரிவில் இறங்க எமக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. முழங்கால்கள் அதனை இன்னும் மறக்கவில்லை. அடிமைத்தளையினின்று தப்பியோடியோர் ஒளிந்து வாழ்ந்த காடு அது என்பதும், அத்தீவில் அடிமைமுறை 1848 டிசெம்பர் 20 இலேயே ஒழிந்தது என்பதும் நடக்கும்போதுதான் பொருளுடையனவாயின. இவ்ரின் போசே எனும் தபால்காரர் 1951 முதல் 1991 வரை நாற்பது ஆண்டுகள் கடிதப் பையைச் சுமந்து இவ்வழிகளிலே கால்நடையாகத் திரிந்தார். அரிசியும் மருந்தும் கொணர்ந்து நோயாளரை ஏற்றிச் செல்வதும் ஹெலிகொப்டரே என்று ஊரவர் கூறினர். கருவி ஒன்றே, ஏறுவோன் எதற்காக ஏறுகின்றான் என்பதிலே வேறுபாடு இருக்கின்றது.

மேலிருந்து காணாத இன்னொன்றையும் அத்தீவிற் கண்டோம். வானிலிருந்து பச்சைப் பாயாய்த் தோன்றிய கரும்புத் தோட்டங்கள், அடிமைமுறை ஒழிந்தபின் பெரும்பாலும் தமிழகக் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வியர்வையில் வளர்ந்தவை. அவர்தம் வழித்தோன்றல்களை அங்கே ‘மலபார்’ என்று அழைக்கின்றனர். சென் ஆந்திரே நகரத்துக் கோயிலில் ஒரு முதியவரைச் சந்தித்தோம். அவருடைய குடும்பப் பெயர் தூய தமிழ்ப் பெயர். ஆனால் அவர்க்குத் தமிழ் தெரியாது. தீமிதிப்பும் காவடியும் அவர்களிடத்தில் நிலைத்தன, மொழி நழுவிற்று. எம் நண்பர் அன்று மாலை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பாரிசிற் பிறந்த தம் பேரப்பிள்ளைகளை அவர் நினைந்திருத்தல் கூடும்.

இனி, நாம் கூறவந்த கருத்துக்கு வருவோம். வானிலிருந்து காண்பது பயனற்றதென்று நாம் சொல்லவில்லை. நிலத்தின் முழுவடிவம் உயரத்திலேதான் புலனாகும். ஊருக்கு ஊர், வேலிக்கு வேலி பிரித்துப் பார்க்கும் கண்ணுக்கு ஒருமை தோன்றுவதில்லை. குடாநாட்டை ஒரே நிலமாக நோக்கியமையாலன்றோ 1954 இற் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீரேரியாக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆற்றை அமைக்கும் திட்டத்தை முன்வைத்தார்! எனினும் வடிவம் அறிவின் தொடக்கமேயன்றி முடிவன்று. மேலிருந்து கண்டவன் கீழிறங்கி நடக்கக் கடமைப்பட்டவன். அக்கடமையைச் செய்யாதவன் கண்டது வெறும் படமே.

இக்கூற்று நமக்கும் பொருந்தும். 1947 டிசெம்பர் 10 இல் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. இடையிற் பல்லாண்டு அவ்வழி அடைபட்டிருந்து, 2019 ஒக்டோபர் 17 இற் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இன்று கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர் பலாலியில் இறங்கும்போது சாளரத்தினூடே தம் தாய்நிலத்தைக் காண்கின்றனர். செம்மண் தோட்டங்களும் பனங்கூடல்களும் கோபுரங்களும் அவர் கண்களில் நீர் வருவிக்கின்றன. இரு வாரம் தங்கி, திருவிழாவுங் கண்டு, மீண்டும் அதே சாளரத்தினூடே நோக்கியவாறு செல்கின்றனர்.

அச்சாளரத்தினூடே தெரியாதவை எவை? நமக்கு மலையில்லை, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறு என்று சொல்ல ஒன்றில்லை. சுண்ணக்கல்லின் இடுக்குகளில், உவர்நீரின் மேல் மெல்லிய வில்லையாய் மிதக்கும் மழைநீரே நம் உயிர். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது அதற்குக் கண்கண்ட சான்று. மிகுதியாக இறைத்தால் உப்பு மேலேறும். அளவுக்கு மிஞ்சி இட்ட உரம் நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்கும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அவ்வாறு இறங்கியிருத்தலை ஆய்வாளர் பன்முறை எடுத்துக் காட்டியுள்ளனர். வானிலிருந்து பார்ப்பவர்க்குப் பச்சை வெங்காயப் பாத்தி அழகாகவே இருக்கும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் தம் காணி விடுவிக்கப்பட்டபோது மீண்டு வந்து கண்ட கூரையற்ற சுவர்களும் அவ்வுயரத்துக்கு வெறும் சதுரங்களே.

ஆதலால் நாம் வேண்டுவது இது. நம் கல்லூரி ஆண்டுதோறும் மாரி முடிந்தவுடன், மேல் வகுப்பு மாணவரைத் தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து அராலிக் கடல்வரை வழுக்கையாற்றின் வழியே நடத்திச் செல்லட்டும். வழியிலுள்ள குளங்களை அவர்கள் எண்ணட்டும், தூர்ந்தவற்றைக் குறிக்கட்டும், கிணற்று நீரின் உப்பையும் நைத்திரேற்றையும் அளந்து, ஆண்டுக்காண்டு ஒரே பேரேட்டிற் பதியட்டும். அளவுக் கருவிகளின் செலவைப் பழைய மாணவர் சங்கங்கள் ஏற்றல் அரிதன்று. அந்நாளில் ஊரில் நிற்கும் பழைய மாணவர் எவராயினும், எத்துணைப் பெரிய பதவியினராயினும், மாணவருடன் நடத்தல் வேண்டும். மேடையும் மாலையும் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

நாளை நம் தீவுகளின் மேலும் உல்லாச ஹெலிகொப்டர்கள் பறக்கும் காலம் வரலாம். வந்தால் நாம் தடுக்க நினையோம். நெடுந்தீவையும் நயினாதீவையும் வானிலிருந்து காணும் ஆசை எமக்கும் உண்டு. ஆனால் சுண்டிக்குளத்துப் பறவைகளை அவை கலைத்தலாகாது; வீட்டுக் கூரைகளின் மேல் தாழப் பறத்தலுமாகாது. அவ்வொலி கேட்டால் இன்றும் திடுக்கிட்டு எழும் தாய்மார் நம்மிடையே வாழ்கின்றனர் என்பதை நடத்துவோரும் ஏறுவோரும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எம் நண்பர் அடுத்த மாரி கழியும்போது ஊருக்கு வருவதாக எழுதியிருக்கின்றார். தம் பேரப்பிள்ளைகள் இருவரையும் அழைத்து வருவாராம். வழுக்கையாற்றில் நடப்பதற்கு ஏற்ற சப்பாத்து எதுவெனக் கேட்டிருக்கின்றார். வெறுங்காலே போதுமென்று விடையிறுத்துள்ளோம். விழாக் காணும் நம் கல்லூரி அன்னை நீடூழி வாழ்க.